வீட்டுப் புல்தரை: அடைமழைக்கு முன் என்ன செய்தால் தையில் தழைக்கும்?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்), புரட்டாசி 4

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு அரசலாற்றுக்குத் தெற்கே, பழைய வயலை மனை போட்ட இடத்தில் இருக்கிறது. வாசல் பக்கம் 30க்கு 20 அடி இடம். போன வருடம் தையில் புல் பாய் வாங்கிப் பதித்தோம். என் மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து தேறிய பிறகு, மருத்துவர் மெத்தென்ற தரையில் நடக்கச் சொன்னார். அவருக்காகவே போட்ட புல் அது. ஆடி வரைக்கும் பார்க்கக் கண் நிறைந்து இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒன்பது நாள் தண்ணீர் வடியவில்லை. வடிந்தபோது பாதிப் புல் மஞ்சள், அப்புறம் கறுப்பு, கடைசியில் கையால் இழுத்தால் பாய் மாதிரியே உரிந்து வந்தது. இந்தத் தையில் செத்த இடத்தில் மட்டும் புதுப் பாய் வைத்து ஒட்டுப் போட்டோம். மறுபடியும் ஐப்பசி வருகிறது என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி, அங்கே வீட்டுக்காரர்கள் செய்வதை எழுதி அனுப்பினான். செப்டம்பரில் மண்ணைத் துளையிட வேண்டும், மேலே விதை தூவ வேண்டும், சுண்ணாம்பு போட வேண்டும், குளிர்காலத்துக்கு முன் உரம் வைக்க வேண்டும் என்கிறான். இதை இங்கே அப்படியே செய்யலாமா?

நாற்றங்கால் (தஞ்சாவூர்), புரட்டாசி 4

அம்மா, செய்வதற்கு முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும். புல் எது? வெயில் எத்தனை மணி நேரம் படுகிறது? பாய்க்குக் கீழே என்ன மண்? மழைத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் உரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். செத்த இடத்தில் கடப்பாரையால் ஒரு அடி ஆழம் குழி எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வடிய விடுங்கள். இரண்டாவது வாளி ஊற்றி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். எடுத்த மண்ணை முகர்ந்தும் பாருங்கள்.

அரசலாற்றங்கரை, புரட்டாசி 6

நேற்று குழி எடுத்தோம். மேலே இரண்டு அங்குலம் செம்மண், அது பாயோடு வந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, கத்தியால் வெட்டினால் அல்வா மாதிரி பளபளவென்று வெட்டுப்படுகிறது. நடுநடுவே செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்ட் கட்டி. செம்மண்ணும் களியும் சேரும் இடத்தில் புல்வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருக்கிறது. அந்த இடத்தில் மண் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தது.

சாயங்காலம் 6 மணிக்கு இரண்டாவது வாளி ஊற்றினோம். காலையில் பார்த்தால் நான்கு விரற்கடைதான் இறங்கியிருந்தது.

கடைக்காரர் மெக்சிகன் புல் என்று கொடுத்தார். இலை ஊசி மாதிரி மெல்லியது, அங்கங்கே மெத்தை போலப் புடைத்துக்கொண்டு வளர்கிறது. வீடு கிழக்குப் பார்த்தது. காலை வெயில் 6 மணி நேரம் கிடைக்கும், வேப்பமரத்தடி மூலை மட்டும் நிழல். தண்ணீர் போகும் வழி என்று எதுவும் இல்லை. சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் மேலே மேலே போட்டுவிட்டார்கள். வாசல் இப்போது தெருவை விட ஒரு சாண் பள்ளம்.

கடல்தாண்டி (நியூ ஜெர்சி, சொந்த ஊர் மயிலாடுதுறை), புரட்டாசி 7

அக்கா, உங்கள் தம்பி சொன்னது இந்த ஊருக்கு முழுக்கச் சரி. ஏன் சரி என்று தெரிந்தால், அங்கே எதை எடுத்துக்கொள்வது என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே வீட்டு முன்னால் இருப்பவை கென்டக்கி நீலப்புல், ஃபெஸ்கியூ, ரை போன்ற குளிர்நாட்டுப் புற்கள். 15 முதல் 24 டிகிரி வரைதான் அவற்றுக்கு உகந்த சூடு. ஜூலை வெயிலில் சோர்ந்து பழுப்பேறிக் கிடக்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் காற்று குளிர ஆரம்பிக்கும், மண்ணில் மட்டும் கோடைச் சூடு மிச்சம் இருக்கும். அப்போது விதைத்தால் சீக்கிரம் முளைக்கும், உறைபனி வருவதற்குள் வேர் இறங்கிவிடும். கோடையில் ஆள் நடந்து இறுகிய மண்ணைத் துளைக் கருவியால் விரல் பருமனுக்குப் பிடுங்கிவிட்டு, அதன் மேல் விதை தூவுவோம். உரமும் அப்போதுதான். இலை வளர்ச்சி குறையும் சமயம் என்பதால் கிடைக்கிற சத்தை வேரும் அடித்தண்டும் சேர்த்து வைத்துக்கொள்ளும், வசந்தத்தில் அதை வைத்துத்தான் துளிர்க்கும். இந்தப் பக்கத்து மண் பெரும்பாலும் புளிப்பு, அதனால் சுண்ணாம்பு. அதுவும் மண்ணைச் சோதித்த பிறகுதான். மேப்பிள், ஓக் இலைகள் கொட்டிப் புல்லை மூடினால், அறுக்கும் இயந்திரத்தை அதன் மேலேயே ஓட்டிப் பொடியாக்கி அப்படியே விட்டுவிடுவோம்.

நம் ஊரில் அருகும் கொரியன் புல்லும் வெப்பநாட்டுப் புற்கள். 27 டிகிரிக்கு மேல்தான் அவை கொண்டாட்டமாக வளரும். அவை உறங்கிப் போக மண்ணின் சூடு 10 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். மாயவரத்தில் மார்கழி விடியற்காலையில்கூட அப்படிக் குளிராது. அங்கே புல் குளிர்காலத்தைத் தாண்டத் தேவையில்லை, ஐப்பசி கார்த்திகையைத் தாண்டினால் போதும்.

நாற்றங்கால், புரட்டாசி 7

தம்பி நன்றாகச் சொன்னார். நம் பெரும்பொழுது ஆறில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் உண்டு, இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. வேம்பும் புங்கனும் இலை கொட்டுவது மாசி பங்குனியில். அங்கே செப்டம்பரில் செய்கிற வேலையின் இடத்தில், நமக்குக் கூதிருக்கு முந்தின புரட்டாசி வேலை இருக்கிறது.

அம்மா, உங்கள் புல் ஜோய்சியா இனம். சிலர் கொரியன் என்பார்கள், சிலர் மெக்சிகன் என்பார்கள். கடைப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, நீங்கள் சொன்ன ஊசி இலையும் மெத்தைப் புடைப்பும்தான் அடையாளம். மெதுவாக வளரும், ஓரளவு நிழலைப் பொறுக்கும், ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் பொறுக்காது. அருகு அப்படி இல்லை. வயல் வரப்பில் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் தலை நீட்டும். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி என்று வாழ்த்துகிறார்களே, அந்த வேர்.

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். டெல்டா வண்டல் மண் பெரும்பாலும் நடுநிலை அல்லது கார நிலை. இந்தப் பக்கம் வல்லத்துச் செம்மண்ணாக இருந்தால் கதை வேறு. விதையும் வேண்டாம். ஜோய்சியாவை இங்கே பாயாகவோ வேர்த்துண்டாகவோதான் நடுகிறோம், அருகு விதையைத் தூவினாலும் முதல் மழையிலேயே மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். துளையிடுவது மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடியது.

செங்கல்சூளை (பாபநாசம்), புரட்டாசி 8

நான் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். களிமண் என்றால் இரண்டு யூனிட் மணல் இறக்கி நாலு அங்குலம் பரப்பிவிடுங்கள். வீட்டு அஸ்திவாரத்துக்கே அதுதான் செய்கிறோம். மேலே புல் போட்டால் கால் நனையாது.

வெண்ணாற்றுக்காரன் (நீடாமங்கலம்), புரட்டாசி 8

அண்ணே, மன்னிக்கணும், அஸ்திவாரத்துக்கும் பயிருக்கும் ஒரே கணக்கு ஆகாது. களிக்கு மேல் மணலைத் தனி அடுக்காகப் போட்டால், மழைத் தண்ணீர் மணலில் சர்ரென்று இறங்கிக் களியின் தலையில் போய் நிற்கும். மேலே காய்ந்து தெரியும், உள்ளே வேர் குளத்தில் கிடக்கும். அக்கா வீட்டில் செம்மண்ணுக்கும் களிக்கும் நடுவே கறுத்துப் போனது இதனால்தான். கொஞ்சம் மணலைக் களியோடு கலந்தாலும் இளகாது, காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். இளக வேண்டுமென்றால் மண்ணில் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அது கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டில் தங்கைக்காகப் போட்ட பூந்தோட்டத்தில் இதைச் செய்துவிட்டு இரண்டு வருடம் கஷ்டப்பட்டேன்.

களிக்கு மருந்து மக்கிய தொழுவுரம், அரிசி ஆலையில் கிடைக்கும் கருக்கிய உமி. ஆறு அங்குலம் கொத்தி, கட்டியை உடைத்து, இரண்டையும் கலந்துவிட்டால் நாளாக நாளாகப் பொலபொலப்பு வரும்.

அதை விட முதல் வேலை வடிகால். நாங்கள் சம்பா வயலுக்கு மடை திறப்பதை எவ்வளவு கவனிக்கிறோமோ அதே கவனம் வடிகாலுக்கும். மூன்று பக்கம் ஒரு சாண் அகலம், ஒரு அடி ஆழம் வாய்க்கால் எடுங்கள். தரை 10 அடிக்கு 2 அங்குலமாவது சரிய வேண்டும். உங்கள் இடம் 20 அடி அகலம் என்பதால் நடுவை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி, இரண்டு பக்கமும் ஆமை ஓடு மாதிரி சரித்துவிடலாம்.

போக்கிடம்தான் உங்களுக்குச் சிக்கல். தெரு உயரம் என்கிறீர்கள். உறிஞ்சு குழி வெட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஆற்றங்கரையில் ஐப்பசியில் நிலத்தடி நீர் முழங்கை ஆழத்துக்கு வந்துவிடும், குழி தானே ஊறி நிரம்பும். மூலையில் சிமெண்ட் உறை ஒன்றை இறக்கி, வாய்க்காலை அதில் விட்டு, அரை குதிரைத்திறன் மோட்டார் வைத்துத் தெருச் சாக்கடைக்கு இறைத்துவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது, உறை நிரம்ப நிரம்ப ஓட்டிவிடுங்கள்.

அரசலாற்றங்கரை, புரட்டாசி 9

உறை யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி. உரம் எப்போது, எவ்வளவு?

வெண்ணாற்றுக்காரன், புரட்டாசி 9

அடைமழைக்கு முன் யூரியா வேண்டாம் அக்கா. சம்பா நட்டவன் மேகம் கட்டி நிற்கும்போது யூரியா வீசுவானா? கரைந்து ஓடுவது ஒரு பங்கு. தண்ணீர் நின்ற மண்ணில் காற்று தீர்ந்துபோனால், நுண்ணுயிர்கள் தழைச்சத்தை வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடும், அது இன்னொரு பங்கு. மிச்சம் புல்லுக்குப் போனாலும் கெடுதல்தான். மூட்டமும் ஈரமுமாக இருக்கிற நாளில் தழைச்சத்து ஏறினால் இலை கொழகொழவென்று வளர்ந்து நோய் பிடிக்கும். நெல்லில் இலையுறை கருகல் வருகிறதே, அதே ரைசாக்டோனியா பூஞ்சாணம்தான் புல்தரையில் வட்ட வட்டமாகப் பழுப்பு விழச் செய்வதும்.

இப்போது 100 சதுர அடிக்கு 40 கிராம் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்) தூவித் தண்ணீர் விடுங்கள், தண்டு திடமாகும். நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் சூடோமோனாஸ் நுண்ணுயிர்த் தூளைத் தொழுவுரத்தில் கலந்து மேலே தூவலாம். யூரியா தை பிறந்து, மழை முழுக்க ஓய்ந்து, மண் காலில் ஒட்டாமல் வந்த பிறகு. அப்போது 100 சதுர அடிக்கு 50 கிராம் போதும். இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் தெளியுங்கள். ஈர இலையில் ஒட்டினால் கருகும்.

தென்னந்தோப்பு (பேராவூரணி), புரட்டாசி 11

வேப்பமரத்து நிழலைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டில் தென்னைகளுக்கு நடுவே புல் போட்டிருந்தோம், எத்தனை உரம் வைத்தாலும் சொட்டை சொட்டையாகத்தான் இருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததில் வீட்டைச் சுற்றி இருந்த 22 மரமும் சாய்ந்தன. நானும் என் வீட்டுக்காரரும் நட்டு வளர்த்த மரங்கள். அன்று புல்லைப் பார்க்கிற மனநிலை எங்களுக்கு இல்லை. அடுத்த ஆடியில் மரம் இருந்த இடத்தில் அருகு தானாகப் படர்ந்து மூடியிருந்ததைப் பார்த்து, வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எங்களிடம் குறை உரத்தில் இல்லை, வெயிலில் இருந்திருக்கிறது.

அதனால் சொல்கிறேன், மரத்தை வெட்டாதீர்கள், புரட்டாசிக்குள் கீழ்க்கிளைகளை மட்டும் கழித்துவிடுங்கள். மழை மூட்டத்தில் இருக்கிற கொஞ்ச வெளிச்சமாவது தரைக்கு வரும். காற்றில் கிளை முறிந்து விழுவதும் குறையும்.

இன்னொன்று கோரை. உங்கள் இடம் பழைய வயல், அதனால் கண்டிப்பாக இருக்கும். தண்டை உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டையாக இருந்தால் கோரை. மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே நின்றுவிடும், ஒன்றுக்கு மூன்றாக வரும். முதல் மழை பெய்து மண் இளகிய மறுநாள், களைக்கொத்தை ஓரமாக ஆழ இறக்கி நெம்பி, கிழங்கோடு எடுங்கள். நூலில் கோத்த மணி மாதிரி ஒன்றோடொன்று தொடர்ந்து வரும். அறுந்தால் விடாதீர்கள், தோண்டுங்கள். கரும்புக்கு அடிக்கிற ஹாலோசல்ஃபூரான் கோரையைக் கொல்லும் என்பார்கள், ஆனால் வயதானவர் வெறுங்காலோடு நடக்கிற இடம் அது. நான் கையால்தான் எடுப்பேன்.

உப்பளக்காற்று (வேதாரண்யம்), புரட்டாசி 12

கடலோரத்தில் இருப்பவர்கள் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு. கோடை முழுக்க அதைப் பாய்ச்சிப் பாய்ச்சி ஆவணியில் மண் மேல் வெள்ளை பூத்துவிடும், புல் நுனி கருகும். எங்களுக்கு அடைமழை எதிரி இல்லை, அதுதான் உப்பைக் கழுவி இறக்குகிறது. ஆனால் மண் இறுகியிருந்தால் மழைத் தண்ணீர் மேலேயே வழிந்து ஓடிவிடும், உப்பு அப்படியே இருக்கும். எங்கள் மண் களர் (சோடியம் மிகுந்த மண்) என்று பரிசோதனையில் வந்ததால் அவர்கள் எழுதிக் கொடுத்த அளவுக்கு ஜிப்சம் போட்டு, கடப்பாரையால் துளையும் போட்டு, மழைக்குக் காத்திருப்போம். பரிசோதனை செய்யாமல் ஜிப்சம் வாங்க வேண்டாம், எல்லாக் களிக்கும் அது வேலை செய்யாது.

அரசலாற்றங்கரை, புரட்டாசி 24

வேலை முடிந்தது. பத்து நாளாக இரண்டு ஆள். போன வருடம் செத்த பக்கத்துப் பாயை உரித்து நிழலில் ஈரச் சாக்கின் மேல் வைத்துவிட்டு, களியைக் கொத்தினோம். எடுத்த செங்கலும் சிமெண்ட் கட்டியும் மட்டும் 11 சட்டி. மக்கிய எருவும் கருக்கிய உமியும் கலந்து, நடுவை மூன்று அங்குலம் தூக்கி, மட்டக்குழாய் வைத்துப் பார்த்தோம். பாயைத் திருப்பி வைப்பதற்கு முன், அடியில் ஒட்டியிருந்த செம்மண்ணை முடிந்த வரை தண்ணீரில் அலசி எடுத்துவிட்டேன். வேர் நேரே புது மண்ணைத் தொட வேண்டும் என்று தோன்றியது. சரியா நாற்றங்கால் ஐயா?

நல்லபடியாக இருந்த பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கடப்பாரைத் துளை போட்டோம். வாய்க்கால் எடுத்தாயிற்று, உறை இறக்கியாயிற்று. மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சரிவு எந்தப் பக்கம் என்று தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தார்.

நாற்றங்கால், புரட்டாசி 24

மிகச் சரி அம்மா. அலசின பாய் சீக்கிரம் வேர் பிடிக்கும், ஆனால் இரண்டு வாரம் காலையும் மாலையும் லேசாகத் தெளிக்க வேண்டும். இந்த மாதம் பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும், காய்கிற நாளில் ஏமாந்துவிடாதீர்கள். துளைகளில் மக்கிய எருவைத் தூவித் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். வெட்டுவதானால் இப்போதே ஒரு முறை, கத்தியைத் தீட்டிக்கொண்டு, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல். மழை ஆரம்பித்த பிறகு, தரை காலடியில் அமுங்குவது நிற்கும் வரைக்கும் யாரும் மிதிக்கவே கூடாது, மாமனாரும்தான். ஈரக் களியை மிதித்தால் நீங்கள் பத்து நாள் செய்த வேலை ஒரே நாளில் இறுகிவிடும்.

அரசலாற்றங்கரை, கார்த்திகை 2

மூன்று நாள் விடாத மழை. முதல் நாள் ராத்திரி உறை இரண்டு மணி நேரத்தில் நிரம்பியது, மோட்டார் போட்டோம். இரண்டாம் நாள் ஆறு மணி நேரம் மின்சாரம் இல்லை, வாய்க்கால் முட்டி ஓரப்புல் மூழ்கியது, நடுமேடு மூழ்கவில்லை. மின்சாரம் வந்து இரண்டு மணி நேரத்தில் ஓரமும் வடிந்தது. இன்று தண்ணீர் இல்லை. வேப்பமரத்தடியில் மட்டும் பச்சைப் பாசி படர்கிறது.

தென்னந்தோப்பு, கார்த்திகை 3

பாசியைச் சுரண்டாதீர்கள், புல்லும் சேர்ந்து வரும். வெயில் எட்டிப் பார்த்து அது காய்ந்து சுருளும், அப்போது விரலால் எடுத்துவிடலாம். அந்த மூலையில் புல் பிழைக்கவில்லை என்றால் கவலைப்படாமல் வல்லாரை வைத்துவிடுங்கள்.

அரசலாற்றங்கரை, தை 19

எழுதத் தாமதமாகிவிட்டது. மரத்தடியில் இரண்டு பாய் அளவு போய்விட்டது, அங்கே வல்லாரைதான் இப்போது. மற்ற இடம் முழுக்கப் பிழைத்தது. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் யூரியா 300 கிராம், ஆறாகப் பங்கிட்டுத் தூவினோம். நேற்று ஓரத்தில் மறுபடி ஒரு குழி எடுத்துப் பார்த்தேன். வேர் ஐந்து விரற்கடை நேரே கீழே இறங்கியிருக்கிறது, வெள்ளையாக. மண்ணில் மழை வாசனைதான் இருந்தது.

கோரை பதினான்கு இடத்தில் வந்திருக்கிறது, எண்ணி வைத்திருக்கிறேன். மண் காய்ந்து கிடக்கிறதே, இப்போதே நெம்பலாமா, தண்ணீர் விட்டுவிட்டா?

தென்னந்தோப்பு, தை 19

முதல் நாள் சாயங்காலம் அந்தந்த இடத்தில் மட்டும் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு, மறுநாள் காலையில் எடுங்கள். கிழங்கை மூலையில் போடாதீர்கள், வெயிலில் கல் மேல் காயப் போட்டு, சுருங்கிய பிறகு அப்புறப்படுத்துங்கள். மாமனார் நடக்க ஆரம்பித்துவிட்டாரா?

அரசலாற்றங்கரை, தை 20

போன வெள்ளிக்கிழமையிலிருந்து. காலையில் பனி காய்ந்ததும் கைத்தடியோடு பத்துச் சுற்று. வாய்க்கால் பக்கம் போகாமல் இருக்க அவரே ஒரு கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்.